அல்வா ஏன் கறுப்பாகத் தெரிகிறது? சாப்பாட்டுப் படத்தில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு மெஸ்காரர்கள், அல்வாக்கடைக்காரர்கள், வீட்டிலேயே புளிமிளகாயும் இட்லிப்பொடியும் செய்து விற்கிற அக்காமார் எனப் பலருக்கும் சாப்பாட்டுப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். நான் எடுத்ததைவிட, அவர்களே போனில் எடுத்து அனுப்பி "தம்பி, இது ஏன் இப்படி வருது?" என்று கேட்டதற்குப் பதில் சொன்ன நேரம்தான் அதிகம். கேள்விகளும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். அதனால் உங்கள் படத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். காசில்லாமல் சரியாகிற காரணம் முதலில் இருக்கும், காசு செலவாகிறது கடைசியில் இருக்கும். நடுவிலேயே சரியாகிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியை வாங்க வேண்டாம்.

எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்னாலும் போன் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். அடுப்படியில் நிற்கிறவர் கையில் எண்ணெய் இருக்கும், அந்தக் கையாலேயே போனை எடுப்போம், லென்ஸ்மேல் விரல் படும், படம் முழுக்கப் பனி படர்ந்தது போல ஆகிவிடும். பழைய பருத்தி வேட்டித் துணி போதும். அப்புறம் ஃபிளாஷை அணையுங்கள். என்னிடம் வந்த படங்களில் கணிசமானவை இந்த இரண்டிலேயே சரியாகிவிட்டன.

படம் முழுக்க மஞ்சள் அடிக்கிறது, அல்லது பச்சை ஓடுகிறது

ஜன்னல் வெளிச்சமும் வருகிறது, ட்யூப்லைட்டும் எரிகிறது என்றால் விளக்கை அணையுங்கள். இரண்டும் இரண்டு நிறம். பகல் வெளிச்சம் 5500 கெல்வினை ஒட்டி இருக்கும், மஞ்சள் பல்பு 3000 பக்கம் நிற்கும், போன் எதை நம்புவது என்று தெரியாமல் தட்டின் ஒரு பக்கத்தை நீலமாகவும் மறுபக்கத்தை மஞ்சளாகவும் காட்டும். எடிட்டில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஏதாவது ஒரே வெளிச்சம்தான் இருக்க வேண்டும்.

விளக்கு இல்லாமலேயே நிறம் ஓடுகிறதா? சுவரைப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் அடுப்படிக்குப் பச்சையோ ரோஸோ அடித்திருப்பார்கள், அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சோற்றின்மேல் அப்படியே ஏறும். தட்டைப் பட்டாசலுக்கோ திண்ணைக்கோ கொண்டுபோங்கள், அல்லது சுவர்ப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். கல்யாண வீட்டில் இன்னும் சிரமம். சிவப்புத் துணிப் பந்தலுக்குக் கீழே எடுத்தால் சாம்பாரும் ரசமும் அவியலும் ஒரே சிவப்பாக இருக்கும். அதைப் பின்னால் திருத்த முடியாது. இலையைப் பந்தலின் ஓரத்துக்கு, வானம் தெரிகிற இடத்துக்கு நகர்த்துவதுதான் வழி.

ராத்திரிதான் எடுக்க முடியும், வேறு வழியில்லை என்கிறவர்கள் மட்டும் விளக்கு வாங்கலாம். வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காதீர்கள், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற எண்) 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது குறைவாக இருந்தால் சிவப்பு செத்துப்போகும், மீன்குழம்பு மண் நிறத்தில் வரும்.

இட்லி சாம்பல் நிறமாக இருக்கிறது

கேமராவில் பழுதில்லை. வெள்ளை அதிகம் இருக்கும் படத்தைப் போன் தானாகவே இருட்டாக்கிவிடும். இட்லிமேல் திரையைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியை மேலே இழுங்கள். இட்லியின் மேலே உள்ள சின்னத் துளைகள் மறையத் தொடங்கும்போது ஒரு அரைக்கால் கீழே இறக்கி நிறுத்துங்கள். இடியாப்பம், ஆப்பம், தயிர்ச்சாதம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அல்வா கறுப்புக் கட்டியாகத் தெரிகிறது

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், எனக்கும் இதில்தான் அக்கறை அதிகம். திருநெல்வேலி அல்வாவின் அழகே ஒளி அதற்குள் நுழைந்து வெளியே வருவதுதான். கோதுமைப்பாலும் சர்க்கரையும் நெய்யும் கிண்டக் கிண்டக் கண்ணாடி மாதிரி ஆகும். முன்பக்கமிருந்து வெளிச்சம் அடித்தால் அந்தக் கண்ணாடித்தன்மை ஒன்றும் தெரியாது, மேலே வெள்ளையாக ஒரு மினுக்கு, உள்ளே இருட்டு, அவ்வளவுதான். டவுனில் ஒரு கடைக்காரர் தன் அல்வாப் படத்தை அவர் ஆச்சியிடம் காட்டியபோது ஆச்சி கேட்ட கேள்வி: "ஏல, அடி பிடிச்சுட்டா?" அல்வா நன்றாகத்தான் இருந்தது, வெளிச்சம் வந்த பக்கம்தான் தப்பு.

முதலில் தட்டைத் திருப்பாதீர்கள், நீங்கள் திரும்புங்கள். ஜன்னல் அல்வாவுக்குப் பின்னால் வருமாறு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். துண்டின் ஓரங்கள் தேன் நிறத்தில் எரிய ஆரம்பிக்கும். எரிந்தால் வேலை முடிந்தது.

எரியவில்லையா? துண்டு பெரிதாக இருக்கும். ஒரு கட்டைவிரல் கனத்துக்கு மேல் போனால் ஒளி ஊடுருவாது. கரண்டியால் கொஞ்சம் எடுத்து, மேலே தூக்கி, அது தொங்கி இழுபடுகிற இடத்தில் எடுங்கள். அந்த இழுவையில்தான் நிறம் முழுசாகத் தெரியும்.

இன்னும் இருட்டாக இருக்கிறதா? வெள்ளை அட்டையில் அல்வாத் துண்டைவிடக் கொஞ்சம் சிறியதாக ஒரு சதுரம் வெட்டி, துண்டுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி சாய்த்து வையுங்கள். ஜன்னல் ஒளி அதில் பட்டு அல்வாவுக்குள் வரும். முந்திரிப் பருப்பு இருக்கிற இடம் நிழலாகத் தெரியும், அதுவும் அழகுதான். அட்டையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டினால் இன்னும் பளிச்சென்று வரும்.

மேல்பரப்பு மினுங்காமல் வெளிறிக் கிடக்கிறதா? நெய் உறைந்துவிட்டது. ஏசி அறையிலோ மார்கழிக் காலையிலோ பத்து நிமிஷத்தில் உறையும். அல்வா இருக்கும் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்து, வெளியே எடுத்தவுடன் படம் எடுங்கள். சிலர் மேலே தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, சாப்பிடுகிறவர் வாங்கப்போவது நெய் அல்வா, படத்திலும் நெய்தான் மினுங்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் வரவில்லை, பெட்டிமேல் அச்சடிக்கப் படம் வேண்டும் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். பின்னால் ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு விளக்கு என்று பிரித்துப் பிரித்து வைக்கிற வேலை அது, போனை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பலனில்லை.

சொதி வெறும் மஞ்சள் தண்ணீராகத் தெரிகிறது

கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு போட்டால் அத்தனை பேரும் போனைத் தூக்குவார்கள், ஆனால் ஒரு படத்திலும் காய் தெரியாது. முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் தேங்காய்ப்பாலுக்கு அடியில் உட்கார்ந்துவிடும். கிண்ணத்துக்குள் ஒரு சின்ன டபராவைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் காயை அடுக்கி, அப்புறம் சொதியை மெதுவாக ஊற்றுங்கள். காய் முகம் காட்டும். கூட்டு, குருமா, பாயசத்து முந்திரி எல்லாவற்றுக்கும் இது உதவும்.

காய் தெரிந்தும் எடுப்பாக இல்லையா? வெள்ளைக் கிண்ணத்தில் வெளிர்மஞ்சள் சொதி வைத்தால் இரண்டும் கலந்துவிடும். கல்சட்டியிலோ கறுத்த மண்சட்டியிலோ வையுங்கள். பக்கத்தில் இஞ்சிப் பச்சடியை வையுங்கள், அந்தக் கரும்பழுப்புதான் சொதிக்கு ஜோடி. உருளைக்கிழங்கு சிப்ஸ் நாலு ஓரத்தில் இருந்தால் ஊர்க்காரர் ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மேலே துகள் துகளாக நிற்கிறதா? இது படக் கோளாறு இல்லை, அடுப்புக் கோளாறு. கெட்டியான முதல் பாலை ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். முதல் பால் ஊற்றி நுரை கட்டும்போதே இறக்கி, எலுமிச்சைச் சாற்றைக் கீழே வைத்துப் பிழியுங்கள். திரிந்த சொதியை எந்த வெளிச்சத்தாலும் மறைக்க முடியாது, புதிதாக வைக்க வேண்டியதுதான்.

படம் தட்டையாக, உயிரில்லாமல் இருக்கிறது

வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து வருகிறதா? அப்படியானால் நிழலே விழாது, நிழல் இல்லாவிட்டால் வடைக்கும் வட்ட அட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. தட்டுக்கு இடதோ வலதோ பக்கவாட்டில் ஜன்னல் வரும்படி உட்காருங்கள். நிழல் விழுகிற பக்கம் ரொம்பக் கறுத்தால் அங்கே ஒரு தெர்மகோல் துண்டை நிறுத்துங்கள். அது போதாமல் இன்னும் எடுப்பு வேண்டுமென்றால் எதிராகச் செய்யுங்கள், தெர்மகோலுக்குப் பதில் கறுப்புச் சார்ட் தாளை வையுங்கள். பரோட்டாவின் அடுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும்.

நிழல் கத்திவெட்டு மாதிரி விழுகிறதா? நேர் வெயில் உள்ளே வருகிறது. ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒரு மடிப்பாகக் கட்டுங்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். படப் புத்தகங்களில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது என்று எழுதியிருப்பார்கள். நம் ஊருக்கு அது பாதி வருஷம் பொருந்தாது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது டிகிரிக்கும் குறைவாகத்தான் இருக்கிறோம், அதனால் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதிவரை உச்சிவெயில் நமக்கு வடக்கேதான் நிற்கும், காலையிலும் சாயங்காலமும் வடக்கு ஜன்னலில் சாய்வாக உள்ளே இறங்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் சாந்தமான ஜன்னல். குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் இங்கே வானம் மூடியிருந்தால், மொட்டைமாடியிலேயே எடுக்கலாம், அவ்வளவு மெத்தென்ற வெளிச்சம். காற்றுக்கு இலை பறக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் தட்டில் நானே தெரிகிறேன்

வளைந்த எவர்சில்வர் அறை முழுவதையும் காட்டும். முதலில் ஏனத்தை மாற்ற முடியுமா பாருங்கள், மங்கிய வெண்கலம், மண்சட்டி, வாழையிலைத் துண்டு எதுவானாலும் சரி. எவர்சில்வர்தான் வேண்டும், மெஸ்ஸின் அடையாளமே அதுதான் என்றால், போனைத் தள்ளிவைத்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள், உங்கள் உருவம் சின்னதாகிவிடும். அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தட்டைச் சுற்றி வெள்ளை அட்டைகளை நிறுத்தினால் அதில் தெரிவதெல்லாம் வெள்ளையாகிவிடும், ஏனமும் சுத்தமாகத் தோன்றும்.

போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அது வாழையிலையின் பளபளப்பையும் குழம்பின்மேல் தெரிகிற வானத்தையும் குறைக்கும், ஆனால் வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பில் அதற்கு வேலை கிடையாது. எவர்சில்வருக்காக வாங்கினால் காசு வீண். இன்னொன்று, பளபளப்பை முழுக்க எடுத்துவிடாதீர்கள், சால்னாமேல் மிதக்கிற சிவப்பு எண்ணெயில் ஒரு மினுக்காவது இருந்தால்தான் அது சுடச்சுட வந்த மாதிரி தோன்றும்.

மங்கலாக இருக்கிறது

போன் ரொம்பப் பக்கத்தில் போயிருக்கும். ஒரு சாண் பின்னால் வந்து ஜூம் செய்யுங்கள். அதிலும் மங்கினால் கை ஆடுகிறது, முழங்கையை மேசையில் ஊன்றுங்கள் அல்லது அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து மூன்று நொடி டைமர் வையுங்கள். போர்ட்ரெய்ட் மோடில் எடுத்து டம்ளர் விளிம்பு மட்டும் கரைந்து தெரிகிறதென்றால் அந்த மோடை விட்டுவிடுங்கள், அது மனித முகத்துக்கு. இவ்வளவுக்குப் பிறகும் படத்தின் ஒரு ஓரம் மட்டும் எப்போதும் மங்கலாக இருந்தாலோ, போனை அசைக்கும்போது வழக்கத்துக்கு மாறாக லென்ஸ் கடகடவென்று ஆடி, திரையில் காட்சி நெளிந்தாலோ சர்வீஸ் சென்டர்தான்.

படத்தில் கோடு கோடாக ஓடுகிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மின்னும், அதைத்தான் போன் பிடிக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போங்கள். முடியாதென்றால் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். அப்படியும் கோடு நின்றால் பல்பை மாற்ற வேண்டும்.

ஆவி தெரியவில்லை

ஃபேனை நிறுத்துங்கள். பலருக்கு இதோடு முடிந்துவிடும். நின்றும் தெரியாவிட்டால் பின்னணி வெளிறியதாக இருக்கும், கறுப்புத் துணியோ இருட்டான வாசலோ பின்னால் வரும்படி நகருங்கள், வெளிச்சம் பின்பக்கவாட்டிலிருந்து வரட்டும். வெயில் ஏறிய மத்தியானத்தில் ஆவி மெலிந்துவிடும், விடியற்காலை ஆறு ஆறரைக்கு எடுத்தால் உளுந்தஞ்சோற்றுக்கும் ஆவி கட்டும். அப்போதும் போதவில்லை என்றால் கொதிக்கிற தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். ஊதுபத்திப் புகை வேண்டாம், அது நீலமாக நூல்போல் எழும், பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

பரோட்டா காய்ந்து கிடக்கிறது

செங்கோட்டைப் பக்கம், பிரானூர் பார்டரில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், கல்லிலிருந்து எடுத்து இரண்டு கைகளுக்கு நடுவே அடித்தவுடன் பரோட்டா பூவாக விரியும். அந்த விரிப்பு ஐந்து நிமிஷம்தான் நிற்கும். அதனால் வெளிச்சம், இடம், போன் எல்லாவற்றையும் நேற்றைய பரோட்டாவை வைத்துத் தயார் செய்துகொண்டு, கடைசியில் புதியதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேலிருந்து எடுக்காதீர்கள், மேசைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போனைத் தாழ்த்துங்கள், அடுக்கு பக்கவாட்டில்தான் இருக்கிறது. கருவேப்பிலையும் இப்படித்தான். குழம்பில் கிடப்பது கறுத்திருக்கும், நாலு இலையை அப்போதே எண்ணெயில் பொரித்துக் கடைசியாகப் போடுங்கள்.

எல்லாம் இருக்கிறது, ஆனால் கண் எங்கும் நிற்கவில்லை

முழு இலைச் சாப்பாடு எடுக்கிறவர்களுக்கு வருகிற பிரச்சினை இது. மேலிருந்து நேர்கீழாக எடுங்கள், சாய்த்து எடுத்தால் பக்கத்தில் இருக்கிற அப்பளம் பெரிதாகி அவியல் மறைந்துவிடும். போனின் அகலமான லென்ஸ் ஓரங்களை இழுக்கும், ஸ்டூல்மேல் ஏறி நின்று ஒரு மடங்கு லென்ஸிலோ இரண்டு மடங்கிலோ எடுங்கள்.

அடுத்தது இலையின் திசை. நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். எதிரே நின்று எடுத்தால் படத்தில் நுனி வலப்பக்கம் போய்விடும். செல்ஃபி கேமராவும் சில போன்களில் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடும். மற்றவர்களுக்கு இது பெரிதில்லை, நம்மவர் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் பக்கமிருந்தே எடுங்கள்.

அப்புறமும் கண் அலைகிறதா? வெஞ்சனம் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளியில் இருக்கும். ஒன்றைப் பெரிதாக்குங்கள். சோற்றைக் குன்றாகக் குவித்து நடுவில் குழி பறித்து, மதினியையோ அக்காவையோ சொதி ஊற்றச் சொல்லுங்கள், ஊற்றுகிற கையும் விழுகிற தாரையும் படத்தில் வரட்டும். கண் அங்கே போய் நிற்கும். ஓரத்தில் தண்ணீர் டம்ளர் பாதி வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை.

பின்னணி தொந்தரவு செய்கிறதென்றால் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத்தான் முதலில் உருவ வேண்டும். கடப்பாக்கல் மேடை நன்றாக இருக்கும், ஈரம் மட்டும் துடைத்துவிடுங்கள். பழைய கதவுப் பலகையும் நல்லது. பத்தமடைப் பாய் அழகுதான், ஆனால் வண்ணக் கோடுபோட்டது சாப்பாட்டோடு போட்டிபோடும், வெறும் கோரை நிறத்தில் இருப்பதை எடுங்கள்.

போனில் நன்றாக இருக்கிறது, அனுப்பினால் கெட்டுப்போகிறது

வாட்ஸாப் சுருக்கிவிடுகிறது. டாகுமெண்டாக அனுப்புங்கள். அச்சுக்கடைக்கும் அப்படியே. 4000க்கு 3000 பிக்சல் இருக்கிற படம் 300 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) 13 அங்குல அகலம்வரை தாராளமாக வரும், மெனு அட்டைக்குப் போதும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாய், பளபளக்கும் பாக்கெட், மினுங்கும் லேபிள் என்று வந்தால் கூப்பிடுங்கள். அச்சில் நிறம் துல்லியமாகப் பொருந்த வேண்டுமென்றாலும், ஒரே நாளில் இருபது முப்பது ஐட்டம் எடுக்க வேண்டுமென்றாலும் கூப்பிடுங்கள். எத்தனை படம், மூலக் கோப்பு கிடைக்குமா, போர்டுக்கும் பெட்டிக்கும் இரண்டுக்கும் பயன்படுத்தலாமா என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் வருகிற அன்று ஒவ்வொரு ஐட்டத்திலும் இரண்டு தட்டு தயாராக வையுங்கள், ஒன்று வெளிச்சம் சரிபார்க்க, மற்றது படத்துக்கு. வாழையிலையை முதல்நாளே வெட்டி வைக்க வேண்டாம், விளிம்பு சுருண்டுவிடும். நெய்யை உருக்கி ஒரு கிண்ணத்தில் பக்கத்திலேயே வையுங்கள். சமையல்காரர் அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள், அவர் அன்று வேறு ஆர்டர் எடுக்கக் கூடாது, கேமரா தயார் என்று குரல் கொடுத்த பிறகுதான் கல்லில் மாவு விழ வேண்டும்.